பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு முயல்

மும்பையின் பத்துக்குப் பன்னிரண்டு அடி கோலியில் (ஒற்றை அறை வீட்டில்) முயல் வளர்க்கத் தயங்குகிறவர்களுக்கு இரண்டு பயம்: மூத்திர வாடை, வீடெல்லாம் புழுக்கை. இரண்டுக்கும் வழி உண்டு. முயல் தானாகவே ஏதாவது ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து அங்கேயே ஒதுங்கும் பிராணி. அந்த மூலையை நாம் புல்லால் தயார் செய்து கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். கிராஃபர்ட் மார்க்கெட் போன்ற இடங்களில் உள்ளங்கையில் அடங்கும் குட்டிகள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எட்டு வாரமாவது தாயிடம் இருந்த குட்டிதான் பிழைக்கும் வலுவோடு வரும். ஆணும் பெண்ணுமாக ஜோடி வாங்கினால் அவற்றுக்கு மூன்று மாத வயது ஆவதற்குள் இரண்டையும் பிரித்து வையுங்கள். சினைக்காலம் ஒரு மாதம்தான். பிரிக்காவிட்டால் சிறிய வீட்டில் குட்டிகள் பெருகுவதைத் தடுக்க முடியாது.

இனி மலத்தொட்டி. தாராவிக்காரர்களுக்கு உடனே அங்குள்ள குயவர் பகுதியான கும்பார்வாடாவின் மண் சட்டி நினைவுக்கு வரும். இதற்கு அது வேண்டாம். சுட்ட மண் மூத்திரத்தை உறிஞ்சி வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முயல் முழுதாக உட்கார்ந்து திரும்பும் அளவுக்கு, நான்கு விரல் உயரமுள்ள பிளாஸ்டிக் டப் போதும். அடியில் பழைய செய்தித்தாளை நான்கைந்து மடிப்பாகப் போட்டு, மேலே காய்ந்த புல்லைப் பரப்புங்கள். டப்பின் ஒரு ஓரத்தில் தின்பதற்கான புல்லைக் குவித்து வையுங்கள். முயல் தின்றுகொண்டே புழுக்கை போடும், இது அதன் இயல்பு. தீனியும் தொட்டியும் ஒரே இடத்தில் இருந்தால் அது வேறு எங்கும் போகத் தேவையிருக்காது. பூனைக்கென்று விற்கும், நனைந்தால் கட்டியாகும் மணலைப் போடாதீர்கள். முயல் அதைத் தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். பைன் மரத்தூளும் ஆகாது.

முதல் வாரம் முழு வீட்டையும் திறந்துவிட வேண்டாம். மோரிக்கு (குளிக்கும், கழுவும் இடத்துக்கு) எதிர் மூலையில், கம்பி வலையால் மூன்றடிக்கு நான்கடி அடைத்து, அதற்குள் டப்பை வையுங்கள். வெளியே சிந்திய புழுக்கைகளைப் பொறுக்கி டப்பிலேயே போடுங்கள். மூத்திரத்தைத் துடைத்த காகிதத்தையும் அதில் வையுங்கள். அந்த வாசனைதான் அதற்கு அடையாளம். தரையை வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தால் பழைய வாடை போய்விடும். முயல் டப்பை விட்டு வேறொரு மூலையையே பிடித்துக்கொண்டால் டப்பை அங்கே நகர்த்துங்கள், முயலோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அடிப்பதோ அதட்டுவதோ உங்களைக் கண்டால் ஓடத்தான் கற்றுக்கொடுக்கும். தவறாமல் டப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரியுங்கள்.

தினமும் நனைந்த காகிதத்தை மாற்றுங்கள். வாரம் இரண்டு முறை டப்பில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பை வினிகர் ஊற்றிக் கழுவுங்கள். புழுக்கையைத் துளசித் தொட்டியில் அப்படியே போடலாம், நல்ல உரம். நான்கு முதல் ஆறு மாத வயதில் நன்றாகப் பழகிய முயலும் கண்ட இடத்தில் மூத்திரம் பீய்ச்சத் தொடங்கும். வயதுக்கு வந்ததன் அறிகுறி அது. கருத்தடை அறுவை செய்தால் பெரும்பாலும் அடங்கும். பெண் முயலுக்கு இது இன்னும் முக்கியம். அறுவை செய்யாத பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்று வரும் வாய்ப்பு மிக அதிகம்.

தீனி விஷயத்தில்தான் நம் வீடுகளில் பாசம் கெடுதலாக முடிகிறது. சாதம், இட்லி, சப்பாத்தி, பிஸ்கட் எதுவுமே வேண்டாம். கேரட்கூட விரல்நுனி அளவு, எப்போதாவதுதான். முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தேய்ப்பதும் குடலை ஓட வைப்பதும் புல்தான். தன் உடம்பளவு காய்ந்த புல் எந்நேரமும் அதன் முன்னால் இருக்க வேண்டும்.

மும்பையில் புல்லுக்கு எங்கே போவது? எருமைத் தபேலா (தொழுவம்) வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். கோயில் வாசலில் பசுவோடு உட்கார்ந்து புல்கட்டு விற்பவர்களிடமும் கிடைக்கும். மாட்டுங்கா பூக்கடைகளில் பிள்ளையாருக்கு விற்கும் அருகம்புல் முயலுக்கும் அருமையான தீனி. கழுவி, ஃபேன் காற்றில் உலர்த்திக் கொடுங்கள். ஃபைவ் கார்டன்ஸ் போன்ற பூங்காக்களில் பறிக்காதீர்கள், நாய்கள் நடமாடும் இடம். மழைக்காலத்தில் புல்லைச் சாக்கில் கட்டி உயரத்தில் வையுங்கள். பூஞ்சை வாடை அடித்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். குதிரைமசால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கு நல்லது. வளர்ந்ததற்கு அதில் சுண்ணாம்புச்சத்து மிஞ்சிவிடும்.

கூடவே தினம் ஒரு கைப்பிடி கீரை: கொத்தமல்லி, புதினா, காய்கறிக்காரர் கிள்ளிப் போடும் முள்ளங்கி இலை. வெங்காயம், பூண்டு, சாக்லேட் கூடவே கூடாது. தன் கழிவிலேயே மிருதுவான ஒருவகையை முயல் திரும்பத் தின்னும். அது நோயல்ல, சத்தை மீட்டுக்கொள்ளும் வழி. தடுக்காதீர்கள்.

பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பரேலில் 1886-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், அதே வளாகத்தில் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனையும் உள்ளன. எங்கே போவதானாலும் முயல் பார்த்துப் பழகிய மருத்துவரா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்து முயலுக்கு விஷம். வாய்வழி அமாக்சிசிலினும் அதன் குடலைக் கெடுத்துவிடும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. முயல் குளிர் தாங்கும், புழுக்கம் தாங்காது. மத்திய அரசின் முயல் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் இருப்பது பொருத்தமான ஏற்பாடு. மே மாதமும் அக்டோபரும் மும்பையில் தகரக் கூரை கொதிக்கும். கும்பார்வாடா மண் தட்டு இங்கேதான் உதவும்: நனைத்துப் போட்டால் முயல் அதன்மேல் படுத்துக்கொள்ளும். தண்ணீருக்கும் கனமான மண் கிண்ணமே நல்லது, கவிழாது. முயலைக் குளிப்பாட்ட மட்டும் வேண்டாம்.

உங்களோடு பழக, தரையில் உட்காருங்கள், தூக்காதீர்கள். மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து. புத்தகம் படித்துக்கொண்டு சும்மா இருந்தால் அதுவே வந்து மோப்பம் பிடிக்கும். நெற்றியை மட்டும் தடவுங்கள். தூக்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை பின்பாகத்துக்கு. காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. முயல் திமிறி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியலாம்.

இரண்டு முயல்களைச் சேர்ப்பதானால் இரண்டுக்கும் அறுவை முடிந்து ஆறு வாரம் பொறுங்கள். அருகருகே கம்பிக்கு அப்பாலும் இப்பாலும் வைத்து, படுக்கைத் துணியை மாற்றி மாற்றிப் போடுங்கள். பிறகு இரண்டுக்கும் புதிதான ஓரிடத்தில், பக்கத்து வீட்டு வராந்தாவானாலும் சரி, பத்து நிமிடம் விடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கொஞ்சம் பொறுக்கலாம். கடித்து உருண்டால் நடுவே முறத்தை வைத்துப் பிரியுங்கள், வெறுங்கையை நுழைக்காதீர்கள். தினமும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்து, ஒரே டப்பில் அமர்ந்து புல் தின்னத் தொடங்கினால் கம்பியை எடுத்துவிடலாம்.