பால்டர்ஸ் கேட் 3: புதிதாக ஆடுவோரின் நம்பிக்கைகளும் உண்மைகளும்

டாக்டிக்கல் ஆர்பிஜி எனப்படும் விளையாட்டுகளில் ஆடுபவர் ஒரு சிறு குழுவையே நடத்திச் செல்கிறார். சண்டை முறை வைத்து நடக்கும். ஒருவர் நகர்ந்து, தாக்கி, தன் முறையை முடித்த பிறகே அடுத்தவர் அசைவார். ஜப்பானில் 1990இல் தொடங்கிய ஃபயர் எம்ப்ளம், 1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ், 2012இல் வந்த எக்ஸ்காம்: எனிமி அன்னோன் ஆகியவை இவ்வகையில் பேர்பெற்றவை. இவற்றை ஆடாதவர்களையும் இந்தப் பக்கம் இழுத்து வந்தது பால்டர்ஸ் கேட் 3. கணினிக்கு 2023 ஆகஸ்ட் 3இல் வெளியான இது, அவ்வாண்டு டிசம்பரில் கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டாகத் தேர்வானது. இதன் விதிகள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் கேமிங் பழக்கம் வேறு வழியில் வளர்ந்தது. சைபர் கபேகளில் கவுண்டர்-ஸ்டிரைக்கும் டோட்டாவும், பிறகு கைபேசியில் மொபைல் லெஜண்ட்ஸும் ஒரு தலைமுறையைப் பழக்கின. டோட்டா 2க்கான கோலாலம்பூர் மேஜர் 2018 நவம்பரிலும், மொபைல் லெஜண்ட்ஸின் முதல் உலகப் போட்டி 2019 நவம்பரிலும் புக்கிட் ஜாலிலில் உள்ள அக்சியாத்தா அரங்கில் நடந்தன. அந்த வேக விளையாட்டுகளில் கற்ற பழக்கங்களை அப்படியே கொண்டு வருவதால்தான் புதியவர்களிடம் சில தவறான நம்பிக்கைகள் ஒட்டிக்கொள்கின்றன.

நம்பிக்கை 1: இது எங்கோ மேற்கில் உருவான விளையாட்டு, மலேசியாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

உண்மை: பால்டர்ஸ் கேட் 3ஐ உருவாக்கிய லாரியன் ஸ்டுடியோஸின் தலைமையகம் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் இருந்தாலும், அதன் கிளை ஸ்டுடியோக்களில் ஒன்று கோலாலம்பூரில் இயங்குகிறது. அந்த நகரில் கேம் தயாரிப்பு புதிய தொழிலும் அல்ல. நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ் என்னும் விளையாட்டை 2020இல் வெளியிட்ட மெட்ரோனோமிக் அங்கு தொடங்கப்பட்ட நிறுவனம். அதன் நிறுவனர்களில் ஒருவரான வான் ஹஸ்மர், முன்பு ஜப்பானில் ஃபைனல் ஃபேண்டஸி 15இல் பணியாற்றியவர். தொடர்பு இல்லாதது மொழியில்தான். பால்டர்ஸ் கேட் 3 தமிழிலும் மலாயிலும் வரவில்லை. உரையாடல் மிகுந்த விளையாட்டு என்பதால், ஆங்கில எழுத்து வரிகளைத் திரையில் ஓடவிட்டு நிதானமாகப் படித்துப் போவதே நல்லது. இல்லையேல் சண்டைக்கு உதவும் தகவல்கள் பேச்சோடு பேச்சாகப் போய்விடும்.

நம்பிக்கை 2: விரல் வேகமும் விலையுயர்ந்த கணினியும் இல்லாமல் ஆட முடியாது.

உண்மை: சண்டையில் ஆடுபவரின் முறை வந்ததும் ஆட்டம் அப்படியே காத்திருக்கும். ஒரு நகர்வை யோசிக்க ஐந்து நொடி எடுத்தாலும் ஐந்து நிமிடம் எடுத்தாலும் முடிவில் மாற்றம் இல்லை. சண்டை தொடங்கும் முன்னரும் முறைவைப்பு நிலையை ஆடுபவரே இயக்கிக்கொண்டு, காவலர்களின் கண்ணில் படாமல் ஒவ்வோர் அடியாக நகரலாம்.

திரை நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பது துப்பாக்கி விளையாட்டில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். இங்கே அது கண்ணுக்கு இதம் சேர்ப்பதோடு சரி. தயாரிப்பாளர் குறிப்பிடும் குறைந்தபட்சத் தேவை ஜிடிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் கார்டும் 8 ஜிபி ரேமும். பரிந்துரைப்பது ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பரும் 16 ஜிபி ரேமும். புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாவுக்குப் போய்ப் புது கிராபிக்ஸ் கார்டுக்கு ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுப்பதற்கு முன், வீட்டுக் கணினியில் 150 ஜிபி காலியிடம் உள்ள எஸ்எஸ்டி இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. கணினியிலும் பிளேஸ்டேஷன் 5இலும் திரையை இரண்டாகப் பிரித்து இருவர் சேர்ந்து ஆடும் வசதியும் உண்டு.

நம்பிக்கை 3: பகடை ஏமாற்றுகிறது, 85 விழுக்காடு என்று காட்டிவிட்டுக் குறி தவறுகிறது.

உண்மை: ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஆட்டம் 20 முகப் பகடை ஒன்றை உருட்டுகிறது. 85 விழுக்காடு என்றால் நூற்றுக்குப் பதினைந்து தவறும் என்றே பொருள். ஒரு சண்டையில் இப்படி 20 தாக்குதல்கள் நடந்தால் சராசரியாக மூன்று தவறும். இருபதும் ஒன்றுவிடாமல் விழ வாய்ப்பு ஏறத்தாழ 4 விழுக்காடே. ஆகவே தவறுவது விதிவிலக்கு ஆகாது. திட்டத்தில் அதற்கும் இடம் விட்டிருக்க வேண்டும்.

சந்தேகம் எழுவதற்கு மற்ற விளையாட்டுகளும் ஒரு காரணம். 2002க்குப் பின் வந்த பல ஃபயர் எம்ப்ளம் ஆட்டங்கள் இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்ப்பதால், திரையில் 90 என்று காட்டப்படும் தாக்குதல் உண்மையில் சுமார் 98 விழுக்காடு விழும். எக்ஸ்காம் 2இன் எளிய நிலைகளிலும் ஆடுபவருக்குச் சாதகமான மறைமுகக் கூட்டல் உண்டு. அந்தச் சலுகைக்குப் பழகியவருக்கு நேர்மையான 90 பொய்யாகத் தெரிகிறது. பால்டர்ஸ் கேட் 3இல் தொடர் தோல்விகளைத் தடுக்கும் கார்மிக் டைஸ் என்னும் அமைப்பு தொடக்கத்திலேயே இயங்கும். வேண்டாதவர் அதை நிறுத்திக்கொள்ளலாம்.

பகடையை நோவதைவிட அதன் எண்ணை மாற்றுவதே பயன் தரும். அட்வான்டேஜ் கிடைத்தால் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுக்கலாம்: 60 விழுக்காடு 84 ஆகும். டிஸ்அட்வான்டேஜ் வந்தால் தாழ்ந்ததைத்தான் எடுக்க வேண்டும்: அதே 60 விழுக்காடு 36க்கு இறங்கும். ஒளிந்திருந்து தாக்குவது, கீழே விழுந்துகிடப்பவனை அருகிலிருந்து அடிப்பது ஆகியவை அட்வான்டேஜ் தருபவை. முதல் லெவலிலேயே கிடைக்கும் பிளெஸ் என்னும் ஸ்பெல் (மந்திரம்) மூவரின் தாக்குதலுக்கு நான்கு முகப் பகடை ஒன்றைக் கூட்டித் தருகிறது. தொடக்க நிலையில் இதற்கு இணையான உதவி அரிது.

நம்பிக்கை 4: எல்லா எதிரிகளையும் சமமாக அடித்துப் பலவீனமாக்க வேண்டும்.

உண்மை: எச்பி எனப்படும் உயிர்ப் புள்ளி ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கும் எதிரியும் முழு பலத்தோடுதான் தாக்குவான். மூன்று எதிரிகள், ஒவ்வொருவருக்கும் 12 எச்பி, ஒவ்வொருவரும் ஒரு சுற்றில் 5 சேதம் தருவர், குழு ஒரு சுற்றில் 12 சேதம் தரும் என்று வைத்துக்கொள்வோம். சேதத்தை மூவருக்கும் பங்கிட்டால் மூன்றாம் சுற்றில்தான் மூவரும் விழுவர். அதற்குள் குழு 30 எச்பியை இழந்திருக்கும். சுற்றுக்கு ஒருவராகத் தீர்த்தால் இழப்பு 15 மட்டுமே. சண்டை முடிய ஆகும் நேரம் ஒன்றுதான், விலை பாதி.

யாரை முதலில் வீழ்த்துவது என்பதும் இதே கணக்கில் அடங்கும். முன்னால் நிற்கும் கவசக்காரனைவிட, பின்னால் நின்று ஸ்பெல் போடுபவன் எச்பி குறைந்தவனாகவும் ஆபத்து மிகுந்தவனாகவும் இருப்பான். எதிரியைக் கொல்லாமலேயே அவன் முறையை வீணாக்குவதும் கொன்றதற்கு ஒப்பாகும். தூங்க வைத்தாலும் தரையில் வீழ்த்தினாலும் அவனால் ஆகும் சேதம் குறையும். ஒரே வீச்சில் பலரை எரிக்கும் ஃபயர்பால் போன்றவை மட்டும் இந்த விதிக்கு விலக்கு.

நம்பிக்கை 5: நல்ல ஆயுதமும் உயர்ந்த லெவலும் இருந்தால் போதும், எங்கே நிற்பது என்பது பெரிய விஷயமில்லை.

உண்மை: ஆடு புலி ஆட்டத்தில் ஆடுகளால் புலியை வெட்ட முடியாது, வழியை அடைத்தே வெல்கின்றன. இங்கும் இடமே பாதி பலம். உயரமான இடத்திலிருந்து எய்தால் பகடையோடு 2 கூடும், தாழ்விலிருந்து எய்தால் 2 குறையும். 20 முகப் பகடையில் 2 என்பது 10 விழுக்காட்டு வித்தியாசம். மேட்டின் விளிம்பில் நிற்பவனைத் தள்ளிவிட, முறைக்கு ஒன்றாகக் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். வலிமையான எதிரிகள் பலரைப் புதியவர்கள் வீழ்த்துவது இப்படித்தான். குறுகிய வாசலில் கவசம் அணிந்த ஒருவரை நிறுத்தினால் பின்னால் நிற்பவர்களை எதிரி எளிதில் நெருங்க முடியாது.

எதிரியின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து விலகினால் அவனுக்கு இலவசமாக ஓர் அடி கிடைக்கும். எதிரி பக்கத்தில் நிற்கும்போது வில்லைப் பயன்படுத்தினால் டிஸ்அட்வான்டேஜ் வரும். தரையும் ஆயுதமே: எண்ணெய்ப் பசை தீப்பிடிக்கும், தேங்கிய நீரில் மின்சாரம் பாயும், அதே நீர் குளிரில் உறைந்து வழுக்கும். இவை யாவும் தன் குழுவுக்கும் பொருந்தும் என்பதால், ஸ்பெல்லை ஏவுமுன் தன் ஆட்கள் எதில் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை 6: குழுவில் எல்லாருக்கும் எப்போதும் எச்பி நிறைந்திருக்க வேண்டும்.

உண்மை: தொடக்க லெவல்களில் ஒரு ஸ்பெல் தரும் எச்பியைவிட எதிரியின் ஓர் அடி பறிக்கும் எச்பி அதிகம். அதனால் ஆக்‌ஷனைக் குணப்படுத்துவதில் செலவிடுவதைவிட எதிரியை வீழ்த்துவதில் செலவிடுவதே பெரும்பாலும் லாபம். விழுந்தவர் உடனே இறப்பதில்லை. மூன்று பகடைகள் தோற்றால்தான் இறப்பு. ஹீலிங் வேர்ட் என்னும் ஸ்பெல் தூரத்திலிருந்தே அவரை எழுப்பும், அதற்கு ஆகும் செலவு போனஸ் ஆக்‌ஷன் மட்டுமே. மருந்தைக் குடிப்பதற்கும் போனஸ் ஆக்‌ஷன் போதும். நெருங்கி நிற்கும் இருவர் மீது மருந்துக் குப்பியை எறிந்தால் இருவருமே தேறுவர்.

புதியவர்கள் அதிகம் இழப்பது வேறொன்றை. பிளெஸ் போன்ற பல ஸ்பெல்களுக்கு கான்சன்ட்ரேஷன் வேண்டும். ஒருவரால் ஒரு நேரத்தில் அப்படி ஒன்றைத்தான் தாங்கிப் பிடிக்க முடியும். இரண்டாவதைப் போட்டால் முதலாவது அறுந்துவிடும், அடிபட்டாலும் அறுந்துபோகலாம். ஆகவே அத்தகைய ஸ்பெல்லைத் தாங்கிப் பிடிப்பவரைப் பின்வரிசையில் வைப்பதே காப்பு.

நம்பிக்கை 7: ஓய்வெடுத்தால் நேரம் போய்க் கதை கெட்டுவிடும்.

உண்மை: தலைக்குள் புழு, சில நாளில் உருமாற்றம் என்று கதை பயமுறுத்துகிறது. ஆனால் அதற்குப் பின்னால் நாட்களை எண்ணும் கடிகாரம் ஏதுமில்லை. நெடிய ஓய்வு ஸ்பெல்களையும் எச்பியையும் முழுமையாக மீட்டுத் தருவதோடு, முகாமில் கூட்டாளிகளின் கதைக் காட்சிகளையும் திறந்துவிடுகிறது. மிகக் குறைவாக ஓய்வெடுப்பவர் அவற்றில் சிலவற்றை இழப்பார். ஒரு நெடிய ஓய்வுக்குத் தேவையான முகாம் உணவு சாதாரண நிலையில் 40, டாக்டீஷியன் என்னும் கடின நிலையில் 80. வழியில் கிடைக்கும் உணவை எடுத்து முகாமுக்கு அனுப்பிவந்தால் தட்டுப்பாடு வராது. குறுகிய ஓய்வு, இரண்டு நெடிய ஓய்வுகளுக்கு இடையே இருமுறை, உணவின்றியே கிடைக்கும். கண்ணெதிரே எரியும் சத்திரம் போன்ற ஒருசில நெருக்கடிகள் மட்டுமே காத்திராதவை. அவற்றைக் கண்டால் முடித்துவிட்டுப் படுப்பது நல்லது.

நம்பிக்கை 8: தொடக்கத்தில் தவறான கேரக்டரைத் தேர்ந்தெடுத்தால் முதலிலிருந்து ஆட வேண்டும், பலம் சேர்க்க ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சண்டை போட வேண்டும்.

உண்மை: முகாமுக்கு வந்துசேரும் விதர்ஸ் என்பவர், 100 பொற்காசுக்கு எவருடைய வகுப்பையும் திறன்களையும் மாற்றித் தருவார், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அதனால் முதல் முறை ஆடுபவர் அடியைத் தாங்கும் ஃபைட்டர் போன்ற எளிய வகுப்பில் தொடங்கி, பிறகு மாறிக்கொள்ளலாம். முகாமில் இருக்கும் கூட்டாளிகளுக்கும் அனுபவப் புள்ளி சமமாகச் சேர்வதால் நால்வரை மட்டும் வளர்க்கும் கவலையும் வேண்டாம். இறந்த எதிரிகள் மீண்டும் முளைப்பதில்லை; ஆகவே திரும்பச் சண்டை போட்டுப் புள்ளி சேர்க்க வழியே இல்லை. புதிய இடங்களைத் தேடிப் போவதும், பல இடங்களில் பேச்சாலேயே சிக்கலைத் தீர்ப்பதும் அதே புள்ளியைத் தரும். உச்ச லெவல் 12.

நம்பிக்கை 9: எளிய நிலையில் ஆடுவதும் அடிக்கடி சேவ் செய்வதும் திறமையின்மை.

உண்மை: எக்ஸ்புளோரர், பேலன்ஸ்ட், டாக்டீஷியன் என்ற மூன்று நிலைகளுக்கிடையே ஆட்டத்தின் நடுவிலும் மாறலாம். எதிரியின் முறை, தரை, பகடை ஆகியவை பிடிபடும்வரை எளிய நிலையில் இருப்பது பயிற்சியே. ஆளைப் பறிகொடுத்தால் மீட்கவே முடியாது என்ற கண்டிப்புக்குப் பேர்போன ஃபயர் எம்ப்ளம் தொடரும், 2010 முதல் விழுந்தவர் அடுத்த சண்டைக்குத் திரும்பும் எளிய முறையைச் சேர்த்துக்கொண்டது. சேவ் விஷயத்தில் சண்டைக்கு முன் ஒன்று, பெரிய உரையாடலுக்கு முன் ஒன்று என்று வைத்துக்கொள்வது போதும். உரையாடலில் ஒவ்வொரு பகடைத் தோல்விக்கும் பின்வாங்கினால், தோல்வி மட்டுமே திறக்கும் வேறு பாதைகளைப் பார்க்க முடியாது. ஒரே ஒரு சேவ் மட்டும் அனுமதிக்கும் ஹானர் மோட் 2023 நவம்பர் இறுதியில் சேர்க்கப்பட்டது. அதில் பாஸ் எதிரிகளுக்குக் கூடுதல் ஆக்‌ஷன்களும் உண்டு. ஒருமுறை கதையை முழுதாக முடித்தவர்கள் அடுத்துப் போக வேண்டிய இடம் அதுதான்.