கைப்பேசிக்குள் இருக்கும் உடைமை

செல்வத்தை உதறித் துறவு பூண்ட பட்டினத்தாரின் சமாதி நம் திருவொற்றியூர்க் கடற்கரையில் இருக்கிறது. பொருட்பற்றைப் பற்றி எண்ணிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. இன்று எடையும் உருவமும் அற்ற ஒரு புதுவகைச் செல்வம் நம் சட்டைப்பைக்குள் சேர்ந்துள்ளது. நிழற்படம், குரல் பதிவு, விளையாட்டில் வாங்கிய ஆயுதம் முதலியனவே அவை. கையால் தொட முடியாத இவற்றின்மீது நமக்கு ஏன் பற்று உண்டாகிறது?

ஒருவருடைய உடைமைகள் அவருடைய 'தான்' என்பதன் நீட்சியே என்று ரஸ்ஸல் பெல்க் என்னும் அமெரிக்க அறிஞர் 1988-இல் எழுதினார். 2013-இல் அக்கருத்தை மின்னணு உடைமைகளுக்கும் விரித்தார். ரிச்சின்ஸ், டாசன் என்னும் இருவர் பொருட்பற்றை அளக்க 1992-இல் ஓர் அளவுகோல் அமைத்தனர். பொருள் சேர்ப்பதை வாழ்வின் மையமாகக் கொள்வது, அதுவே இன்பம் தரும் என நம்புவது, உடைமையை வைத்தே வெற்றியை மதிப்பிடுவது என்பன அதன் மூன்று கூறுகள்.

இக்கூறுகளை நம் நாட்டிலேயே காணலாம். 2020 செப்டம்பரில் நடுவண் அரசு பப்ஜி விளையாட்டைத் தடை செய்தது. காசு கொடுத்து வாங்கிய உடைகளும் துப்பாக்கி வண்ணங்களும் இளைஞர் பலருக்கு எட்டாமற் போயின. 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் பி.ஜி.எம்.ஐ. என்னும் பெயரில் அதை வெளியிட்டபோது, பழைய உடைமைகளைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தது. அவற்றின்மீது இருந்த பற்றின் ஆழத்தை நிறுவனமும் அறிந்திருந்தது போலும்!

பற்றில் ஆண், பெண் வேறுபாடு உண்டா? சிக்சென்ட்மிஹாய், ராக்பெர்க்-ஹால்டன் ஆகியோர் சிகாகோவில் 82 குடும்பங்களைச் சேர்ந்த 315 பேரை விசாரித்து 1981-இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஆண்கள் தொலைக்காட்சி, விளையாட்டுக் கருவி போன்றவற்றையும், பெண்கள் நிழற்படம் போன்ற உறவை நினைவூட்டும் பொருள்களையும் மிகுதியாகக் குறிப்பிட்டனர்.

இதைப் பிறவிக் குணம் எனக் கொள்வது தவறு என்பது என் கருத்து. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடைய இந்தியப் பெண்கள் சுமார் 54 விழுக்காட்டினரே. இரவல் கைப்பேசியில் ஒருத்தி எதை வாங்கிச் சேர்ப்பாள்?

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே இருக்கும் ஒரே நல்ல கைப்பேசி என்னிடம் இருக்கிறது. காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் என் தாய்க்குத் தனியாக ஒன்று இல்லை. மறைந்த பாட்டியின் குரல் பதிவு என் கைப்பேசியில்தான் உள்ளது. வியாபாரம் முடிந்து வந்ததும், "ஆயா பேசுனத போடுடா" என்பார். சந்தையில் அதற்கு விலையில்லை. அவருக்கோ அது நகையினும் மேலானது. ஆனால் அதை வைத்திருப்பதும் அழிப்பதும் என் விருப்பம் என்றால், அதை அவருடைய உடைமை என்று எப்படிச் சொல்வது?

விளையாட்டு ஆயுதம் நிறுவனத்தின் தயவில் நிற்கிறது; பெண்களின் நினைவுகளோ வீட்டு ஆண்களின் தயவில் நிற்கின்றன. யார் எதன்மீது பற்று வைக்கிறார் என்பதை ஆராய்வதற்குமுன், யார் கையில் கருவியும் காசும் உள்ளன என்று கேட்க வேண்டும்.

நண்பர்களே, நம் வீட்டுப் பெண்கள் போற்றும் படங்களையும் குரல்களையும் ஒரு மெமரி கார்டில் நகலெடுத்து அவர்கள் கையிலேயே கொடுப்போம். அவர்கள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, கடவுச்சொல்லை அவர்களே வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்போம். படித்த நம்மால் இன்றைக்கே இதைச் செய்ய முடியும்.