குறைமாதப் பிரசவத்தை இரத்தம் முன்னறிவிக்குமா?



37 வாரம் நிறையுமுன் குழந்தை பிறப்பதையே குறைமாதப் பிரசவம் என்கிறோம். 2020-ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்விதம் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் ஏறக்குறைய 30 இலட்சம் பேர் நம் இந்தியாவில் பிறந்தவர்கள்.

முன்பு குறைமாதத்தில் பெற்றவர், இரட்டைப் பிள்ளை சுமப்பவர், ஸ்கேனில் கருப்பை வாய் குறுகிக் காணப்படுபவர் ஆகியோரை முன்னதாகவே கவனிக்கலாம். தலைப்பிரசவத் தாயைப்பற்றி என்ன தெரியும்? அவர் வலி கண்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் நமக்கும் தெரிகிறது.

2018-இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் குவேக் என்பவரின் குழுவினர் ஒரு புதிய வழியை வெளியிட்டனர். குவேக்கின் மகளும் ஏறக்குறைய ஒரு மாதம் முந்திப் பிறந்தவரே. தாய், சிசு, நஞ்சுக்கொடி ஆகியவற்றின் உயிரணுக்கள் அழியும்போது, ஆர்.என்.ஏ. என்னும் நுண்பொருளின் துணுக்குகள் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. கொல்லையில் கொட்டிய சாம்பலைப் பார்த்து அடுப்பில் எரிந்தது என்னவென்று சொல்வதுபோல, இவற்றைக் கொண்டு எந்த ஜீன் வேலைசெய்கிறது என்று அறியலாம். முந்திப் பெறுகிற தாய்மாரிடம் ஏழு ஜீன்களின் அடையாளம், வலி தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே மாறியிருந்தது. அவை பெரும்பாலும் சிசுவினுடையவை அல்ல, தாயினுடையவை!

ஆனாலும் அவசரப்படலாகாது. சோதிக்கப்பட்டவர்கள் 38 பேர் மட்டுமே. எல்லாரும் ஏற்கெனவே ஆபத்துள்ளவர்கள். சரியாகச் சொன்னது நூற்றுக்கு 75 முதல் 80 வரைதான். இதற்குமுன், 2016-இல் அமெரிக்காவில் வெளியான வேறொரு ஆய்வில் 5,501 கர்ப்பவதிகள் சேர்க்கப்பட்டிருந்தனர். ஐந்தாம் மாதத்திலேயே, இரத்தத்திலுள்ள இரண்டு புரதங்களின் விகிதத்தைக் கொண்டு கணிக்க அதில் முயன்றார்கள். அதுவும் நிச்சயமல்ல, ஒரு எச்சரிக்கையே. வீணாய்ப் பயந்துபோகும் தாய்மாரும் இருப்பார்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது.

அப்படியானால் முன்னறிந்து பயன் என்ன? சிசுவின் நுரையீரலைப் பலப்படுத்தும் ஸ்டீராய்டு ஊசியை நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி என்னும் மருத்துவர்கள் 1972-இலேயே நிரூபித்துவிட்டார்கள். விலையும் சொற்பம். ஆனால் அது முழுப்பலன் தர ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். பிரசவத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வந்துசேரும் தாயின் பிள்ளைக்கு அந்த ஒரு நாள் கிடைப்பதில்லை. ஆபத்துண்டு என்று மாதக்கணக்கில் முன்னமே தெரிந்தால், அவர் நெடுந்தூரப் பயணத்தைத் தவிர்த்து, பச்சிளங்குழந்தைப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்கு அருகே உறவினர் வீட்டில் தங்கியிருக்கலாம்.