வரிக்கு நீங்கள் எந்த நாட்டில் வசிப்பவர்?

உத்தியோகத்தின் பொருட்டோ வாணிபத்தின் பொருட்டோ தேசம் விட்டுத் தேசம் செல்பவர்கள், விசாவைப் பற்றியும் வீட்டு வாடகையைப் பற்றியும் பிள்ளைகளின் பள்ளியைப் பற்றியும் நாலு பேரிடம் விசாரித்துத் தெளிகிறார்கள். ஆயினும் தாம் ஈட்டும் பொருளுக்கு எந்தச் சர்க்காருக்கு வரி செலுத்தக் கடமைப்பட்டவர்கள் என்ற கேள்வியை மட்டும், முன்னே சென்றவர்கள் சொன்ன வாய்மொழியை நம்பியே தீர்த்துக்கொள்கிறார்கள். அவ்வாய்மொழிகளுள் மிகுதியாகப் பரவியுள்ள சிலவற்றைச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், ஒருவர் இந்தியாவில் வசிப்பவரா என்பதை நிர்ணயிப்பது 6-ஆம் பிரிவே. அதன் அடிப்படை விதிகளும் மாறவில்லை.

நம்பிக்கை: இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் வரித் தொல்லை இல்லை.

உண்மை: இது பாதி விதியே. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஆண்டில் 182 நாள் தங்கியவர் இந்தியாவில் வசிப்பவர் என்பது முதல் விதி. அவ்வாண்டில் 60 நாளும், அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் தங்கியவரும் அவ்வாறே கருதப்படுவார் என்பது இரண்டாம் விதி. உத்தியோகத்துக்காகப் புறப்படும் இந்தியப் பிரஜைக்கு, புறப்படும் ஆண்டில் அந்த 60 நாள் 182 ஆகத் தளர்த்தப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வரும் பிரஜைக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அதே சலுகை உண்டென்றாலும், அயல்நாட்டு வருமானம் நீங்கலான அவர்களுடைய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டுமானால் வரம்பு 120 நாளாகச் சுருங்கிவிடும். சிங்கப்பூர் வேலைக்காக அக்டோபர் 10-ஆம் தேதி புறப்படுபவர், ஏப்ரல் முதல் எண்ணினால் 193 நாள் இந்தியாவில் இருந்தவர். ஆகையால் மார்ச் வரை அங்கே பெறும் சம்பளமும் அவ்வாண்டின் இந்தியக் கணக்கில் சேரும். செப்டம்பர் 28-க்குள் புறப்பட்டு, மார்ச் வரை திரும்பாமலும் இருந்திருந்தால் 181 நாளோடு நின்றிருக்கும். வந்த நாளையும் புறப்பட்ட நாளையும் சேர்த்தெண்ணுவதே பத்திரமானது.

நம்பிக்கை: வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்குத் தொடங்கியவர் வரிக்கும் என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) தான்.

உண்மை: வங்கி பார்ப்பது 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை. அதன்படி, வேலைக்காக நாட்டை விட்டுப் புறப்பட்டதுமே ஒருவர் வெளிநாட்டில் வசிப்பவராகிவிடுகிறார். வருமான வரிச் சட்டமோ நாட்களை எண்ணுகிறது. ஆதலின் மேற்சொன்ன அக்டோபர்ப் பிரயாணி, வங்கிக்கு வெளிநாட்டவராகவும் வரி அதிகாரிக்கு உள்நாட்டவராகவும் ஏககாலத்தில் இருப்பது முரண்பாடன்று; அதுவே சட்டம்.

நம்பிக்கை: ஒருவர் ஒரு சமயத்தில் ஒரு நாட்டில்தான் வரிக்கு வசிப்பவராக இருக்க முடியும்.

உண்மை: ஒவ்வொரு நாடும் தன் விதியைத் தன் ஆண்டுக்கணக்கின்படி பிரயோகிப்பதால், இரு நாடுகளின் கணக்கிலும் ஒருவரே அகப்படுவது சகஜம். சிங்கப்பூரின் ஆண்டு ஜனவரியில் பிறக்கிறது. அவ்வாண்டில் 183 நாள் அங்கே இருந்தவர் அந்நாட்டில் வசிப்பவர். நம் பிரயாணி புத்தாண்டிலும் அங்கேயே வேலை பார்த்துவருவாராயின், ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டு நாடுகளும் அவரைத் தம்மவர் என்றே சொல்லும். இப்பிணக்கைத் தீர்ப்பதற்கென்றே இரு நாடுகளுக்குமிடையே 1994-இல் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் செய்யப்பட்டது. நிரந்தர இல்லம் எங்கே உள்ளது, இரண்டிடத்திலும் இருப்பின் குடும்ப பந்தமும் பொருளாதார பந்தமும் எங்கே நெருக்கமானவை, அதுவும் தெளிவாகாவிடின் வழக்கமாக வாழ்வது எங்கே, அதன்பின் எந்நாட்டுப் பிரஜை என்று ஒன்றன்பின் ஒன்றாக அது வினவுகிறது. எதனாலும் முடிவு கிட்டாவிடின் இரு அரசுகளும் கலந்து தீர்மானிக்கும். மனைவி மக்கள் மதுரை வீட்டிலிருக்க, தாம் வாடகை அறையில் தங்கியிருப்பவருக்கும், குடும்பத்தையே அழைத்துச் சென்று வீடமைத்துக்கொண்டவருக்கும் இங்கே ஒரே விடை கிடைக்காது. ஒப்பந்தத்தின் பயனைப் பெற விரும்புவோர் அந்நாட்டு வரித்துறையின் வசிப்புச் சான்றிதழைப் பெற்று வைத்திருத்தல் வேண்டும். அங்கே கட்டிய வரிக்கு இங்கே கழிவும், உரிய படிவத்தில் கேட்டாலொழியத் தானாக வராது.

நம்பிக்கை: வருமான வரியே இல்லாத வளைகுடா நாட்டில் இருப்பவருக்கு எங்குமே வரியில்லை, அல்லது, 2020-ஆம் ஆண்டு முதல் அங்குள்ள சம்பளத்துக்கும் இந்தியா வரி பிடிக்கிறது.

உண்மை: இரண்டும் பிழை. வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியப் பிரஜையின் வருமானம், அயல்நாட்டு வருமானம் நீங்கலாக, 15 லட்சத்தைத் தாண்டினால், அவர் இங்கே ஒரு நாளும் தங்காவிடினும் இந்தியாவில் வசிப்பவராகவே பாவிக்கப்படுவார் என 2020-இல் விதி வந்தது. ஆனால் அவர் "சாதாரணமாக வசிக்காதவர்" என்ற வகையில் வைக்கப்படுவதால், துபாயில் உழைத்துப் பெறும் சம்பளத்துக்கு இங்கே வரியில்லை.

நம்பிக்கை: குடும்பத் தலைவர் வெளிநாட்டில் வாழ்ந்தால் கூட்டுக் குடும்பமும் வெளிநாட்டதே.

உண்மை: தனி மனிதருக்கு நாட்கணக்கு, இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கோ நிர்வாகம் எங்கிருந்து நடக்கிறது என்பதே அளவுகோல். கொழும்பில் வாணிபம் நடத்தி இலங்கையிலேயே வாழ்ந்த ஒரு செட்டியார், 1941-42-இல் இந்தியாவுக்கு வந்து மொத்தம் 101 நாள் தங்கி, குடும்பச் சொத்து விவகாரங்களைக் கவனித்தார். நிர்வாகம் முழுமையும் வெளிநாட்டிலேயே இருந்ததாக நிரூபிக்கப்படாமையால், குடும்பம் இந்தியாவில் வசிப்பதே என்று உச்ச நீதிமன்றம் 1950-இல் தீர்ப்பளித்தது.

நம்பிக்கை: தாயகம் திரும்பியவுடன் உலக வருமானம் முழுவதற்கும் வரி.

உண்மை: முந்திய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வசிக்காதவராகவோ, முந்திய ஏழு ஆண்டுகளில் 729 நாளுக்கு மேற்படாமல் இந்தியாவில் தங்கியவராகவோ இருப்பவர், மேற்சொன்ன "சாதாரணமாக வசிக்காதவர்" என்ற இடைநிலையிலேயே இருப்பார். இந்தியாவிலிருந்து நடத்தப்படும் தொழிலில் வந்ததாகவோ இந்தியாவில் நேரே பெறப்பட்டதாகவோ இல்லாத அயல்நாட்டு வருமானத்துக்கு அதுவரை வரியில்லை. அந்நிலை நீங்கிய ஆண்டு முதல் அயல்நாட்டுச் சொத்துகளைக் கணக்கில் காட்டுவது கட்டாயம். மறைத்தால், 2015-ஆம் ஆண்டுக் கருப்புப் பணச் சட்டத்தின்படி, சில விலக்குகள் நீங்கலாக, 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம்.

ஒருமுறை நிர்ணயமான வரி நிலை என்றென்றைக்கும் நிலைப்பதன்று. ஆண்டுதோறும் புதிதாக நிர்ணயிக்கப்படுவது. ஆகவே பயணச்சீட்டு வாங்குமுன் ஆடிட்டரைக் கலந்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்களையும் வாடகை ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டுகளையும் ஆண்டுவாரியாகப் பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸ் வரும்போது, உங்கள் வார்த்தைக்குச் சாட்சி அவைதாம்.