பல் வலியும் பழைய நம்பிக்கைகளும்

பல் வலித்தால் முதலில் கிராம்பு, அடுத்து மெடிக்கல் ஷாப் மாத்திரை, முகம் வீங்கிய பிறகுதான் டாக்டர். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பல வீடுகளில் இதுதான் வழக்கம். காப்பாற்றியிருக்க வேண்டிய பல்லைப் பிடுங்க வைப்பவை பெரும்பாலும் கீழே வரும் நம்பிக்கைகள்தான்.

நம்பிக்கை: மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்.
உண்மை: பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு. மேல் பல்லில் சீழ் பிடித்தால் கண்ணுக்குக் கீழ் வரை வீங்குவதுண்டு. அந்தச் சீழை அப்படியே விட்டுவைப்பதுதான் ஆபத்து.

நம்பிக்கை: சொத்தைப் பல்லில் புழு இருக்கிறது, கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் விழுந்துவிடும்.
உண்மை: தேடிப் பார்த்தும் புழுவைக் காணவில்லை என்று பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728-லேயே எழுதிவிட்டார். நாம் தின்னும் இனிப்பை வாயிலுள்ள பாக்டீரியா அமிலமாக்குகிறது. அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது. ஆரம்பத்தில் வலியே இருக்காது. அப்போதே அடைத்துவிட்டால் வேலை முடிந்தது.

நம்பிக்கை: வலி நின்றுவிட்டது, பல் சரியாகிவிட்டது.
உண்மை: சொத்தை ஆழமாகிப் பல்லின் உள்கூழ் செத்துப்போனாலும் வலி நிற்கும். தொற்று மட்டும் வேர் நுனியில் வளர்ந்துகொண்டே இருக்கும். இதற்குத்தான் ரூட் கெனால். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லில் சிறு துளையிட்டு, ஊசி போன்ற ஃபைல்களால் வேர்க்குழாயைச் சுத்தம் செய்து, கட்டாபெர்ச்சா என்ற பொருளால் அடைப்பார்கள். கடைவாய்ப் பல்லாக இருந்தால் பெரும்பாலும் மேலே கேப் போட வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் பல் உடையக்கூடும்.

நம்பிக்கை: கிளீனிங் செய்தால் பல் ஆடும்.
உண்மை: ஈறைக் கரைத்துப் பல்லை ஆட வைப்பது படிந்திருக்கும் காரைதான். காரையை எடுத்ததும் அது அடைத்திருந்த இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான். சில நாள் கூச்சமும் இருந்து அடங்கும்.

நம்பிக்கை: பால் பல் எப்படியும் விழத்தானே போகிறது.
உண்மை: பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பால் பல் என்று நினைத்துப் பெற்றோர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

நம்பிக்கை: நல்ல வைத்தியத்துக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும்.
உண்மை: முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. திண்டிவனத்துக்கு வடக்கே மேல்மருவத்தூரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரியில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. தனியாரிடம் போனால் பி.டி.எஸ். படிப்பும், தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கருவிகளை ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்குகிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். 2023-இல் வாணியம்பாடியில் பல் சிகிச்சை பெற்றவர்களில் எட்டுப் பேர் மூளைத் தொற்றால் இறந்தார்கள். கிருமி நீக்காத கருவியால் திறந்த சலைன் பாட்டிலையே ஆய்வாளர்கள் காரணமாகச் சுட்டினர்.

வலிக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். வலி இல்லாத ஒரு நாளில் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போய்ப் பல்லைக் காட்டிவிடுங்கள். செலவும் குறையும், பல்லும் பிழைக்கும்.