பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள்: இலவச ஆபீஸ் தேடும் இளையவர்களுக்குப் பத்து அறிவுரைகள்

வேலைக்குப் புதிதாகச் சேருகிற பிள்ளைகளும், சொந்தமாக டிடிபி கடை போடுகிறவர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், காசு கட்டாம வேர்டு, எக்செல் வேலை பாக்கணும். ஓபன்ஆபீஸ் போடவா, லிப்ரேஆபீஸ் போடவா? டபிள்யூபிஎஸ் நல்லாருக்குங்கிறாங்களே?" ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லிவந்ததை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. முதலில் தாளும் பேனாவும் எடுங்கள்.
மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். உங்களுக்கு ஃபைல் அனுப்புகிறவர் எந்த வடிவில் அனுப்புகிறார்? வாங்கிக்கொள்கிறவர் அதைத் திருத்துவாரா, பிரிண்ட் எடுத்தால் போதுமா? பத்து வருடம் கழித்து அந்த ஃபைல் உங்களுக்குத் தேவைப்படுமா? வீட்டுக் கணக்கு எழுதுகிறவருக்கும், வங்கிக்குத் தினமும் எக்செல் அனுப்புகிறவருக்கும் ஒரே விடை பொருந்தாது.

2. எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.
ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் கம்பெனி உருவாக்கியது ஸ்டார்ஆபீஸ். 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கி, 2000-இல் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஓபன்ஆபீஸ் பிறந்தது அப்படித்தான். 2010 ஜனவரியில் சன் கம்பெனி ஆரக்கிள் கைக்குப் போனது. ஆரக்கிள் மேல் நம்பிக்கை வராத நிரலாளர்கள் அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனை அறிவித்து, அந்த நிரலையே எடுத்துக்கொண்டு லிப்ரேஆபீஸ் என்று தனியே போனார்கள். 2011-இல் ஆரக்கிள் ஓபன்ஆபீஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. பாகம் பிரிந்த அண்ணன் தம்பி கதைதான். குடும்பப் பெயர் ஒருவரிடம் நின்றது. வயலில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் மற்றவர் பக்கம் போய்விட்டார்கள்.

3. கடைசியாக எப்போது வேலை நடந்தது என்று பாருங்கள்.
அப்பாச்சி ஓபன்ஆபீஸின் 4.1 பதிப்பு 2014-இல் வந்தது. அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் 4.1-க்குப் பின்னால் ஓர் எண் சேர்த்த திருத்தங்கள்தான். 2016-இல் திட்டத்தையே மூடிவிடலாமா என்று அதன் பொறுப்பாளர்களே வெளிப்படையாகப் பேசினார்கள். லிப்ரேஆபீஸிலோ ஆண்டுக்கு இரண்டு புதிய பதிப்புகள், இடையிடையே திருத்தப் பதிப்புகள். இந்த இடைவெளி விரிந்ததற்கு உரிமமும் ஒரு காரணம். அப்பாச்சி உரிமத்தில் உள்ள நிரலை லிப்ரேஆபீஸ் எடுத்துக்கொள்ளலாம்; லிப்ரேஆபீஸில் செய்த வேலையை அப்பாச்சி தன் உரிமத்தின்கீழ் அப்படியே கொண்டுபோக முடியாது.

இதன் பலன் உங்கள் மேசைக்கு வருகிறது. ஓபன்ஆபீஸில் வேர்டின் டாக்எக்ஸ் ஃபைல் திறக்கும். திருத்திவிட்டு டாக்எக்ஸாகவே சேமிக்கப் போனால் 'சேவ் ஆஸ்' பட்டியலில் அது இருக்காது. தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் ஓபன்ஆபீஸ் ரைட்டர் படித்துவிட்டு வந்தவர்கள் அந்தப் பெயரைத்தான் தேடுகிறார்கள். படித்தது வீண்போகாது, லிப்ரேஆபீஸிலும் அதே ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ்தான்.

4. காசு கேட்காததெல்லாம் ஒரே ரகம் அல்ல.
சீனாவின் கிங்சாஃப்ட் தரும் டபிள்யூபிஎஸ், பார்க்க மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் போலவே இருக்கும். பழக ஒரு நாள் போதும். ஆனால் மூலநிரல் மூடியிருக்கிறது. இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும். சில வசதிகளுக்குக் காசு கேட்கும். ஜெர்மனியின் சாஃப்ட்மேக்கர் தரும் ஃப்ரீஆபீஸும் மூடிய நிரல்தான். ஒன்லிஆபீஸ் திறந்த நிரல். டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவங்களையே தன் வடிவமாக வைத்துக்கொண்டு வேலை செய்வது. கூகுள் டாக்ஸ், நாலு பேர் ஒரே நேரத்தில் ஒரே தாளில் எழுத வசதியானது. ஆனால் ஃபைல் இருப்பது கூகுளின் கணினியில், உங்கள் கையில் அல்ல. அது தரும் 15 ஜிபி இடத்தை உங்கள் மெயிலும் போட்டோவும் சேர்ந்து பங்குபோடும்.

5. ஃபைல் வடிவத்துக்கு முதல் மரியாதை.
மென்பொருளை நாளைக்கே மாற்றலாம். பத்து வருட ஃபைலை மாற்ற முடியாது. லிப்ரேஆபீஸும் ஓபன்ஆபீஸும் சேமிக்கும் ஓடிஎஃப் வடிவம் 2006-இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரமானது. மைக்ரோசாஃப்ட்டின் டாக்எக்ஸ் குடும்பம் 2008-இல் அந்த அங்கீகாரம் பெற்றது. ஒரு சோதனை செய்துபாருங்கள். ரைட்டரில் சேமித்த ஓடிடி என்ற ஓடிஎஃப் ஃபைல் ஒன்றைப் பிரதி எடுத்து, பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே கன்டென்ட் டாட் எக்ஸ்எம்எல் என்று ஒன்று இருக்கும். நோட்பேடில் அதைத் திறந்தால், குறிகளுக்கு நடுவே நீங்கள் அடித்த வரிகள் அப்படியே தெரியும். எந்தக் கம்பெனி மூடினாலும் உங்கள் எழுத்தை மீட்கலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். உங்கள் மூலப்பிரதி ஓடிஎஃபில் இருக்கட்டும். திருத்தக் கேட்பவருக்கு டாக்எக்ஸ், படிப்பவருக்கு பிடிஎஃப் கொடுங்கள். லிப்ரேஆபீஸில் பிடிஎஃபுக்குள்ளேயே ஓடிஎஃப் மூலத்தைப் பொதித்து வைக்கவும் வழி உண்டு. அந்த பிடிஎஃபைப் பின்னாளில் திறந்து திருத்தலாம்.

6. உங்கள் ஃபைலை வைத்தே சோதியுங்கள்.
விளம்பரப் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். லெட்டர்ஹெட், டேபிள், பக்க எண் மூன்றும் உள்ள பழைய கடிதம் ஒன்றை எடுங்கள். புதிய மென்பொருளில் திறந்து, ஒரு வரி திருத்தி, சேமித்து, வேர்டு உள்ள கணினிக்கு அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள். பக்க எண்ணிக்கை மாறியதா? டேபிளின் கடைசி வரிசை அடுத்த பக்கத்துக்கு இறங்கியதா? இறங்கியிருந்தால் பாதி நேரம் குற்றவாளி எழுத்துருதான். காலிப்ரி இல்லாத கணினியில் அதே அகலமுள்ள கார்லிட்டோ இருந்தால் வரி நகராது. கேம்ப்ரியாவுக்குக் கலாடியா, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப். இவையெல்லாம் லிப்ரேஆபீஸுடனே வருகின்றன. மீதிப் பாதிக் குற்றம் நம் கையில். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நிறுத்திய வரி எந்த மென்பொருளிலும் நகரத்தான் செய்யும். டேப், டேபிள், ஸ்டைல் மூன்றையும் பழகிக்கொள்ளுங்கள். கணக்கு ஷீட்டில் லட்சம், கோடிக்குக் கமா சரியாக விழுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

7. தமிழுக்குத் தனிச் சோதனை வையுங்கள்.
ரைட்டரில் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ் போன்ற மொழிகளுக்கு வேறொன்று என்று தனித்தனியாக இருக்கும். மொழி அமைப்பில் தமிழ் போன்ற மொழிகளுக்கான பிரிவைத் திறந்து தமிழைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவையும் அளவையும் வைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல், "தமிழ் மட்டும் சின்னதா வருது சார்" என்று வருகிறவர்கள்தான் அதிகம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் வேறு விஷயம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதற்கு மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்லிஆபீஸோ வேறெதுவோ, 'க்ஷௌ', 'ஸ்ரீ', 'கொ' என்று அடித்து, பிடிஎஃப் எடுத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

8. மேக்ரோ இருந்தால் அவசரப்படாதீர்கள்.
வேலையைத் தானாகச் செய்ய எக்செலில் எழுதிய மேக்ரோ எல்லாம் கால்க்கில் ஓடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சில ஓடும், சில பாதியில் நிற்கும். அந்த வேலைக்கு மட்டும் எக்செல் உள்ள ஒரு கணினியை வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

9. ஆட்களையும் சேர்த்து மாற்றுங்கள்.
ஜெர்மனியின் ம்யூனிக் மாநகராட்சி 2003-இல் முடிவெடுத்துத் திறந்த மென்பொருளுக்கு மாறியது. 2017-இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2024-இல் சுமார் 30,000 கணினிகளை லிப்ரேஆபீஸுக்கு மாற்ற முடிவு செய்தது. மென்பொருள் நல்லதாக இருந்தால் மட்டும் மாற்றம் நிலைக்காது. ஐந்து பேர் உள்ள ஆபீஸிலும் ஐந்து கணினியிலும் ஒரே பதிப்பு, ஒரே எழுத்துருக்கள், பொதுவான டெம்ப்ளேட் இருக்கட்டும். சந்தேகம் கேட்க ஒருவரைக் கைகாட்டி வையுங்கள். டவுன்லோடு அந்தந்த அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும். ஓபன்ஆபீஸ் பெயரில் வேண்டாததைச் சேர்த்துத் தலையில் கட்டும் தளங்கள் உண்டு. லிப்ரேஆபீஸ் தளத்தில் இரண்டு பதிப்பு தெரிந்தால், ஆபீஸுக்குப் பழையதை எடுங்கள். அது கூடுதலாகத் திருத்தம் கண்டது.

10. கடைசியில் என் விடை.
புதிதாகத் தொடங்குகிறவருக்கு லிப்ரேஆபீஸ். நாள் முழுக்க வேர்டு ஃபைல் வாங்கித் திருப்பி அனுப்புவதே பிழைப்பு என்றால், ஒன்லிஆபீஸையும் பக்கத்தில் போட்டு, ஆறாவது அறிவுரையில் சொன்ன சோதனையில் எது ஜெயிக்கிறதோ அதை வையுங்கள். ஓபன்ஆபீஸ் ஏற்கெனவே ஓடுகிறதென்றால் பதற வேண்டாம். அதன் ஃபைல்கள் லிப்ரேஆபீஸில் திறக்கும், நல்ல நாள் பார்த்து மாறிக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றாவது அறிவுரையின் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள்: கடைசியாக எப்போது வேலை நடந்தது? இன்று லிப்ரேஆபீஸுக்குச் சாதகமாக இருக்கும் விடை அன்று மாறியிருந்தால், என்னைக் கேட்காமலே மாறிவிடுங்கள்.