டயரின் உண்மை விலை

கடைக்காரர் கூறும் தொகை கொள்முதல் விலை மட்டுமே. ஒரு பொருள் உழைத்து ஓய்ந்த பின்னரே அதன் உண்மைச் செலவு தெரியவரும். வணிகவியலின் இந்த அடிப்படைப் பாடத்தை எனக்கு மீண்டும் நினைவூட்டியவர், நான் நாக்பூர்க் கிளையில் பணியாற்றியபோது அங்கு வாகனக் கடன் பெற்றிருந்த ஒரு வாடகைக் கார் ஓட்டுநர்.

தவணையை நாள் தவறாமல் செலுத்திவந்த அவர், ஒரு மாதம் செலுத்தவில்லை. காரணம் வினவினேன். ஐந்து மாதங்களுக்கு முன், ஒன்று ரூ.2,800 வீதம் நான்கு டயர்கள் வாங்கியிருந்தார். 22,000 கிலோமீட்டரிலேயே அவை வழவழப்பாகிவிட்டன. அமராவதி சாலையில், பயணிகளுடன் சென்றுகொண்டிருந்தபோது ஒரு டயர் வெடித்தது. நல்வேளையாக எவருக்கும் காயமில்லை. தவணைக்கு வைத்திருந்த பணம் புதிய டயர்களுக்குச் சென்றது.

அதற்கு முன் அவர் பயன்படுத்திய ரூ.4,200 விலையுள்ள டயர்களோ 45,000 கிலோமீட்டர் உழைத்திருந்தன. இருவரும் கணக்கிட்டோம்:

மலிவு டயர்கள்: ரூ.11,200 ÷ 22,000 = கிலோமீட்டருக்கு 51 காசு.
முந்தைய டயர்கள்: ரூ.16,800 ÷ 45,000 = கிலோமீட்டருக்கு 37 காசு.

மாதம் 5,000 கிலோமீட்டர் ஓடும் அவருக்கு, மலிவு டயரால் மாதந்தோறும் ரூ.700 நட்டம்.

விலை குறைந்தவை யாவும் தரமற்றவை என்பதன்று. வாங்குமுன் சிலவற்றைக் கவனித்தல் வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருத்தல் வேண்டும். அளவும் சுமைத் திறனும் வாகனக் கையேட்டில் உள்ளபடி அமைதல் வேண்டும். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள் தயாரிப்புக் காலத்தைக் காட்டும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நெடுநாள் தேங்கிய சரக்கைத் தள்ளுபடிக்காக வாங்காதீர்கள்.

வாங்கிய பின்னர் காற்றழுத்தத்தையும் வீல் அலைன்மென்ட்டையும் உரிய காலத்தில் சரிபார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது மிகுதியாகச் சூடேறும். 45 டிகிரியை எட்டும் நாக்பூர்க் கோடையில் அதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறைந்தால் டயரை மாற்றிவிட வேண்டும். தேய்ந்த டயர் மழையில் பிடிமானம் இழக்கும்.

அன்று அந்த ஓட்டுநர் மாதம் ரூ.2,000 வீதம் ஒன்பது மாதங்களுக்கு ஒரு தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கினார். நல்ல டயர்கள் தேயும் வேளையில், வட்டி நீங்கலாகவே ரூ.18,000 கையிலிருக்கும். அடுத்த முறை டயருக்காகத் தவணைப் பணத்தைத் தொட வேண்டிய நிலை அவருக்கு நேராது.